பழைய ஃபோர்-வீல் வண்டி அடியில "டொக்"குனு அடிக்குதா? ப்ளே எங்க இருக்குனு கண்டுபிடிக்கற முழு வழி

கிளட்சை விட்டதும் அடியில ஒரு "டொக்", ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா இன்னொரு "டொக்", ரிவர்ஸ் போட்டா "டங்"குனு ஒண்ணு. தென்னாப்பிரிக்கா டர்பன்ல பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரோ டிஸ்கவரியோ டொயோட்டா ஹைலக்ஸ் பக்கியோ (பிக்கப் வண்டியோ) வச்சிருக்க நம்ம ஆளுங்க ரெண்டு பேர் சேர்ந்தா இந்தப் பேச்சு வராம இருக்காது, வந்த உடனே பக்கத்துல நிக்கிற யாராவது ஒருத்தர் "டிஃப் போச்சுப்பா"ன்னு தீர்ப்பும் சொல்லிடுவார் (டிஃப்னா டிஃபரென்ஷியல், ஆக்ஸில் நடுவுல ரெண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கற கியர் தொகுதி), அதை நம்பி ஸ்க்ராப்யார்டுல இருந்து ஒரு டிஃப் வாங்கிட்டு வந்து மாட்டினா சத்தம் அப்படியே இருக்கும். இது பல பேருக்கு நடக்குது, பணம் வீணாப் போகுது, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

முதல்ல ஒரு விஷயம் மனசுல பதியணும். இந்த ப்ளே, அதாவது பாகங்களுக்கு நடுவுல இருக்கற தளர்ச்சி, ஒரே இடத்துல இருக்கறது அபூர்வம். கியர்பாக்ஸ்ல இருந்து சக்கரம் வரைக்கும் ஸ்ப்லைன் (ஷாஃப்ட் மேல நீளவாட்டுல இருக்கற பல்லுங்க), யூஜே (யுனிவர்சல் ஜாயின்ட், மடங்கற இணைப்பு), பினியன் (டிஃப்பைச் சுத்தற சின்ன கியர்), ஹாஃப்ஷாஃப்ட் (டிஃப்ல இருந்து சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்), டிரைவ் ஃப்ளாஞ்ச் (அந்த ஷாஃப்ட்டை ஹப்போட சேக்கற தட்டு)னு வரிசையா ஜாயின்ட்டுங்க இருக்கு, ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம் தேய்மானம், எல்லாம் கோயில் உண்டியல் சில்லறை மாதிரி சேர்ந்துதான் அந்தப் பெரிய "டொக்". அதனால "எது போச்சு"ன்னு கேக்காதீங்க, "எதுல எவ்வளவு"ன்னு அளந்து பாருங்க. அளக்காம ஒரு பார்ட் கூட வாங்காதீங்க.

சத்தத்தைக் கேக்கறது

வண்டிக்கு அடியில படுக்கறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் மெதுவா ஓட்டிப் பாருங்க, ரேடியோ ஆஃப், ஜன்னல் ரெண்டும் கீழ. வேகமா போற ரோட்டுல இது கேக்காது. ரோபோட் சிக்னல்ல நின்னு நின்னு போற ட்ராஃபிக்தான் சரி, ஈஸ்டர் வெள்ளிக்கிழமை இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போற ரோட்டுல ஊர்ந்து போயிருப்பீங்களே, அந்த மாதிரி வேகம்.

எப்போ அடிக்குதுங்கறதுதான் பாதி பதில். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கறப்ப ஒண்ணு, விடறப்ப ஒண்ணு, அதுவும் வண்டி எந்த வேகத்துல போனாலும் அப்படியேன்னா அது சுத்தற ப்ளே, அதாவது டிரைவ்லைன் (கியர்பாக்ஸ்ல இருந்து சக்கரம் வரைக்கும் சுத்தற பாகங்க). பிரேக் அடிக்கறப்ப மட்டும் முன்னாடி இருந்து வந்தா ரேடியஸ் ஆர்ம் புஷ் (முன் ஆக்ஸிலைப் பிடிக்கற கையோட ரப்பர்) பக்கம் பாருங்க. ரிவர்ஸ்ல போய் முதல் தடவை பிரேக் அடிச்சா ஒரே ஒரு "கட்", அப்புறம் முன்னாடி போய் முதல் பிரேக்குல மறுபடி ஒரு "கட்", அது பிரேக் பேட் கேலிப்பர்க்குள்ள நகர்ற சத்தம், டிரைவ்லைனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஸ்டியரிங்கை முழுசா திருப்பி மெதுவா போறப்ப "டிக் டிக் டிக்"னா சிவி ஜாயின்ட் (முன் சக்கரத்துப் பக்கம் இருக்கற மடங்கற இணைப்பு). நடக்கற வேகத்துல குருவி கத்தற மாதிரி தாளத்தோட "கீச் கீச்"னா காய்ஞ்சு போன யூஜே, அதைக் கேட்டா அந்த வாரமே பாக்கணும். மேடு பள்ளத்துல மட்டும் அடிச்சா ஷாக் புஷ், ஸ்பிரிங் ஷேக்கிள், பின்னாடி டோ-பார், ஸ்பேர் வீல், இதெல்லாம்தான்.

ஹைலக்ஸ் மாதிரி பார்ட்-டைம் ஃபோர்-வீல் வண்டில இன்னொண்ணு இருக்கு. 4எச் (ஃபோர்-வீல் ஹை) போட்டபடியே தார் ரோட்டுல திரும்பினா முன்னாடி ஆக்ஸிலும் பின்னாடி ஆக்ஸிலும் வேற வேற தூரம் போகணும், நடுவுல டிஃப் கிடையாது, டிரைவ்லைன் முறுக்கிக்கிட்டு நிக்கும், கடைசில டயர் வழுக்கறப்ப "டமார்"னு விடும். அது பழுது இல்ல. 2எச்சுக்கு (டூ-வீல் ஹை) மாத்துங்க, அது போயிடும்.

அடியில போறதுக்கு முன்னாடி

இந்த இடத்தை யாரும் தாண்டிப் போகாதீங்க. பழைய லேண்ட் ரோவர்ல ஹேண்ட்பிரேக் சக்கரத்துல இல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸ் சக்தியை முன்னாடிக்கும் பின்னாடிக்கும் பிரிக்கற பெட்டி) பின்னாடி இருக்கற டிரம்ல இருக்கு, அது பின் பிராப்ஷாஃப்ட்டை (அங்க இருந்து பின் ஆக்ஸிலுக்குப் போற நீள ஷாஃப்ட்டை) மட்டும்தான் பிடிக்குது. பின் சக்கரம் ஒண்ணை ஜாக்ல தூக்கினீங்கன்னா பின் டிஃப் வழியா தூக்கின சக்கரம் ஒரு பக்கம் சுத்தி, தரையில இருக்கற சக்கரம் இன்னொரு பக்கம் உருண்டு, ஹேண்ட்பிரேக் முழுசா போட்டிருந்தும் வண்டி நகர்ந்துடும். பின் பிராப்ஷாஃப்ட்டைக் கழட்டிட்டா ஹேண்ட்பிரேக்கே இல்ல. அதனால சமதளமான சிமென்ட் தரை, சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை, தூக்கினா ஆக்ஸில் ஸ்டாண்ட். சாட்ஸ்வொர்த்ல நம்ம வீட்டு டிரைவ்வே பாதி சரிவுதான், அங்க இந்த வேலை வேண்டாம், சமமான இடம் இருக்கற சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டு போங்க.

தேவையான சாமான் அதிகம் இல்ல. டார்ச், வெள்ளை பெயின்ட் மார்க்கர், ஒரு ஸ்டீல் ஸ்கேல், நீளமான கடப்பாரை மாதிரி ஒரு ப்ரை-பார், கிரீஸ் கன், லேண்ட் ரோவர்னா பிராப்ஷாஃப்ட் நட்டுக்கு 9/16 ஸ்பானர். அந்த நட்டுக்கு 14 மி.மீ. ஸ்பானர் ஏறாது, 15 போட்டா முனையை மழுக்கிடும். அப்புறம் வண்டிக்குள்ள உக்கார ஒரு ஆளு, தம்பியோ பையனோ.

சக்கர நட்டு டைட்டா இருக்கான்னு முதல்ல பாருங்க. லூஸ் நட்டும் இதே சத்தம்தான் போடும்.

கண்ணால பாக்கறது

எதையும் கழட்டாம அடியில படுத்து டார்ச் அடிச்சு நிதானமா பாருங்க. யூஜே கப் ஓரத்துல செங்கல் பொடி மாதிரி சிவப்பா தூசி இருந்தா உள்ள நீடில் பேரிங் காய்ஞ்சு துரு பிடிச்சிருக்கு, அதுக்கு மேல சோதனையே வேண்டாம், மாத்த வேண்டியதுதான். கடலோரம் இருக்கற நம்ம ஊர்ல இது சீக்கிரம் வரும், அதுலயும் மீன் பிடிக்க ஸ்கீ-போட்டை லாஞ்ச் சைட்ல தண்ணியில இறக்கற வண்டின்னா ஆக்ஸில் வரைக்கும் உப்புத் தண்ணி, வீட்டுக்கு வந்து மேல மட்டும் கழுவிட்டு விட்டுடறாங்க, அடியில யூஜேக்கு கிரீஸ் அடிச்சு பழைய தண்ணியை வெளிய தள்ளறவங்க ரொம்பக் கம்மி.

பிராப்ஷாஃப்ட் நட்டு போல்ட்டைச் சுத்தி பளபளன்னு உலோகம் தெரியுதா, லூஸா இருந்து நகர்ந்திருக்கு. இன்ஜின் மவுன்ட், கியர்பாக்ஸ் மவுன்ட் ரப்பர் கிழிஞ்சிருக்கா பாருங்க. இலை ஸ்பிரிங் வண்டின்னா யூ-போல்ட் டைட்டா, ஆக்ஸில் நகர்ந்த தடம் இருக்கான்னு பாருங்க. டிஸ்கவரி 1ல பின் பிராப்ஷாஃப்ட் டிஃப் பக்கம் யூஜேக்குப் பதிலா ரப்பர் கப்ளிங் இருக்கும், அதுல வெடிப்பு இருந்தா அதுவே "டொக்" கொடுக்கும். டிஸ்கவரி 2 வச்சிருக்கறவங்க முன் பிராப்ஷாஃப்ட்டை எல்லாத்துக்கும் முன்னாடி பாருங்க, அதுல டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இருக்கற இரட்டை ஜாயின்ட்டுக்கு கம்பெனி கிரீஸ் நிப்பிள் கொடுக்கல, காய்ஞ்சு உடைஞ்சா ஷாஃப்ட் சுழன்று கியர்பாக்ஸ் கேஸையே அடிச்சு உடைச்சிருக்கு. அங்க கீச் சத்தம் வந்தா வண்டியை ஓட்டாதீங்க.

2022 ஏப்ரல் வெள்ளத்துல நின்ன வண்டியை வாங்கியிருந்தீங்கன்னா, அந்த வெள்ளம் ப்ராஸ்பெக்டன்ல இருக்கற டொயோட்டா ஃபேக்டரிக்குள்ளயே புகுந்தது, தெரிஞ்சதுதான், அப்போ டிஃப், டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸ் மூணு ஆயிலையும் இறக்கிப் பாருங்க. பால் கலந்த டீ நிறம்னா தண்ணி. டிரெயின் பிளக் காந்தத்துல சாம்பல் நிறப் பசை இருந்தா சாதாரணம், செதில் செதிலா, ஊசி ஊசியா உலோகம் வந்தா சாதாரணம் இல்ல.

யூஜேயும் ஸ்லிப் ஜாயின்ட்டும்

ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வச்சு, யூஜேயோட ஒரு பக்கத்து யோக்கை (கவட்டை மாதிரி இருக்கற முனையை) ஒரு கையிலயும் மறுபக்கத்தை இன்னொரு கையிலயும் பிடிச்சு எதிரெதிரா முறுக்குங்க. அப்புறம் ப்ரை-பார் வச்சு மேலயும் கீழயும் தூக்கிப் பாருங்க. நல்ல யூஜேல கைக்குத் தெரியற ப்ளே எதுவுமே இருக்கக் கூடாது, "கொஞ்சம்தானே இருக்கு"ங்கற பேச்சே இங்க கிடையாது. பிராப்ஷாஃப்ட் மொத்தமா முன்னும் பின்னும் சுத்தறது வேற, அது டிஃப் ப்ளே, குழப்பிக்காதீங்க, யூஜேல பாக்க வேண்டியது யோக்குக்கும் கிராஸுக்கும் (நடுவுல இருக்கற சிலுவைத் துண்டுக்கும்) நடுவுல இருக்கற அசைவு மட்டும்.

ப்ளே இல்லாம இறுகிப் போன யூஜேயும் இருக்கு, அது இந்தச் சோதனையில மாட்டாது. ஷாஃப்ட்டைக் கழட்டி கையில மடக்கிப் பாத்தாதான் தெரியும், ரெண்டு பக்கமும் வழவழன்னு மடங்கணும், நடுவுல பிடிச்சு பிடிச்சு வந்தா போச்சு. கழட்டறதுக்கு முன்னாடி ஃப்ளாஞ்ச் ரெண்டுலயும், ஸ்லிப் ஜாயின்ட்டோட (ஷாஃப்ட் நீளம் கூடிக் குறையற இடம்) ரெண்டு பாதிலயும் மார்க்கர்ல கோடு போட்டுடுங்க, இருந்த மாதிரியே திரும்பி மாட்டணும், இல்லன்னா புதுசா ஒரு வைப்ரேஷனை நீங்களே உண்டாக்கிடுவீங்க.

ஸ்லிப் ஜாயின்ட் ஸ்ப்லைன்ல பக்கவாட்டு ஆட்டம் தெரிஞ்சா தேய்மானம். ஆனா பழைய டொயோட்டால நின்னு கிளம்பறப்ப யாரோ பின்னாடி இருந்து லேசா முட்டின மாதிரி ஒரு "டொக்" வரும், பாதிக்குப் பாதி அது காய்ஞ்ச ஸ்லிப் ஜாயின்ட்தான், கிரீஸ் அடிச்சாலே போயிடும். யூஜேக்கு சாதாரண லித்தியம் கிரீஸ், ஸ்லிப் ஸ்ப்லைனுக்கு மாலிப்டினம் கலந்த லித்தியம் கிரீஸ். ஸ்லிப் ஜாயின்ட்ல கன் போகுதேன்னு அடிச்சுக்கிட்டே இருக்காதீங்க, உள்ள கிரீஸ் நிறைஞ்சு போனா ஷாஃப்ட் உள்ள சுருங்க இடம் இல்லாம பேரிங்கைப் போய் தள்ளும். பின் ஷாஃப்ட் ரெண்டு துண்டா இருக்கற பக்கில நடு பேரிங் ரப்பரையும் கையால அசைச்சுப் பாத்துடுங்க.

அளக்கறது, இதுதான் முக்கிய வேலை

வண்டி நாலு சக்கரத்துலயும் தரையில, எல்லா சக்கரத்துக்கும் கட்டை. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் இறக்கியாச்சு. டிஃப் பினியன் ஃப்ளாஞ்ச்லயும் அதுக்குப் பக்கத்துல டிஃப் கேஸ்லயும் எதிரெதிரா ஒரு கோடு. இப்போ ஷாஃப்ட்டை ஒரு பக்கம் முட்டற வரைக்கும் திருப்பி, மறுபக்கம் முட்டற வரைக்கும் திருப்பி, கோடு எத்தனை மி.மீ. நகருதுன்னு ஸ்கேல்ல பாருங்க. ஃப்ளாஞ்ச் 100 மி.மீ. விட்டம்னா 1 டிகிரி கிட்டத்தட்ட 0.9 மி.மீ. முன் டிஃப், பின் டிஃப் ரெண்டையும் அளந்து எழுதி வைங்க.

இந்த நம்பரைப் பாத்து பயப்படறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு தெரிஞ்சுக்கணும். லேண்ட் ரோவர் ஆக்ஸில் ரேஷியோ 3.54. அதாவது சக்கரத்துப் பக்கம் இருக்கற ப்ளே எல்லாம் பினியன்ல மூணரை மடங்கா தெரியும். ஹாஃப்ஷாஃப்ட் முனையில டிரைவ் ஃப்ளாஞ்ச் ஸ்ப்லைன் ரெண்டு பக்கமும் வெறும் கால் மி.மீ. தேய்ஞ்சிருக்குன்னு வைங்க, ஷாஃப்ட் ஆரம் 15 மி.மீ.னா அது சக்கரத்துல 1 டிகிரி, பினியன் ஃப்ளாஞ்ச்ல 3 மி.மீ.க்கு மேல! இதைப் பாத்துட்டுதான் "டிஃப் போச்சு"ன்னு சொல்றாங்க, ஆனா போனது டிஃப் இல்ல, அஞ்சு போல்ட்ல கழண்டு வர்ற டிரைவ் ஃப்ளாஞ்ச்.

அதனால அடுத்த வேலை அங்கதான். ஹப் நடுவுல இருக்கற ரப்பர் மூடியை நெம்பி எடுங்க, உள்ள ஹாஃப்ஷாஃப்ட் முனை தெரியும். உதவிக்கு வந்தவர் அடியில பிராப்ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் ஆட்டட்டும், நீங்க ஷாஃப்ட் முனையை மட்டும் பாருங்க. ஃப்ளாஞ்ச் அசையாம ஷாஃப்ட் மட்டும் அசைஞ்சா ப்ளே அங்க. சிவப்புத் துரு தூள் கொட்டினா சந்தேகமே வேண்டாம். ஷாஃப்ட் முனையும் அசையல, ஆனா பினியன் அசையுதுன்னா மீதி டிஃப்குள்ள. நாலு ஹப்லயும் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சிருந்தா பினியன்ல அதுல பாதிதான் தெரியும், மறந்துடாதீங்க. ஹைலக்ஸ் பின் ஆக்ஸில்ல இந்த ஃப்ளாஞ்சே கிடையாது, ஷாஃப்ட்டும் ஹப்பும் ஒரே துண்டு, அங்க இந்த ஸ்டெப்பை விட்டுடுங்க.

டிஃப்ல சுத்தற ப்ளே கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், கிரவுன் வீல் (பினியனோட சேர்ற பெரிய கியர்) பல்லுல பொதுவா 0.1ல இருந்து 0.2 மி.மீ. வரைக்கும் வேணும்னே விட்டிருப்பாங்க. பல வருஷம் ஓடின வண்டில உள்ள இருக்கற சின்ன கியருங்க, கிராஸ் பின், வாஷர் எல்லாம் தேய்ஞ்சு இன்னும் கூடும், சத்தம் மட்டும் போடுமே தவிர அதனால வண்டி நடுரோட்டுல நிக்காது. ஆனா பினியன் ஃப்ளாஞ்சை மேலும் கீழும், உள்ளயும் வெளியயும் ஆட்டிப் பாத்து அந்தப் பக்கமா அசைவு இருந்தா அது பினியன் பேரிங். அதோட ஓட்டினா கிரவுன் வீல் பல்லைத் தின்னுடும்.

டிரான்ஸ்ஃபர் கேஸ்

1983ல லேண்ட் ரோவர் ஒன் டென் மாடல் கூட வந்த எல்டி230 டிரான்ஸ்ஃபர் கேஸ் பத்திதான் சொல்றேன், பழைய டிஃபெண்டர், டிஸ்கவரி எல்லாத்துலயும் இதுதான். இதுல ப்ளே வர்ற இடம் ரெண்டு.

முதல் இடம் சென்டர் டிஃப், அதாவது முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் சக்தியைப் பிரிக்கற டிஃப். மேல சொன்ன மாதிரி கட்டை வச்சு, ஹை ரேஞ்ச், கியர் போட்டு, இன்ஜின் ஆஃப், ஹேண்ட்பிரேக் இறக்கி, பின் பிராப்ஷாஃப்ட்டை டிஃப் பக்கம் கழட்டித் தொங்க விட்டு அதோட ப்ளேயை அளங்க. அப்புறம் டிஃப்-லாக் போட்டு மறுபடி அளங்க. லிவரைத் தள்ளினா மட்டும் லாக் விழுந்துடாது, ஷாஃப்ட்டை லேசா முன்ன பின்ன திருப்பினாதான் பல் சேரும், டாஷ்ல லைட் எரியுதான்னு உறுதி பண்ணிக்கோங்க. லாக் போட்டதும் ப்ளே பெருசா குறைஞ்சா சென்டர் டிஃப் உள்ள கிராஸ் ஷாஃப்ட், சின்ன கியர் தேய்மானம். குறையலன்னா அதுக்கு முன்னாடி இருக்கற கியருங்களோ இன்புட் ஸ்ப்லைனோ.

இன்புட் ஸ்ப்லைனைத் தனியா பிரிக்க ஒரு வழி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை இது. டிஃப்-லாக் போட்டபடியே ஹை ரேஞ்ச்ல ஒரு தடவை, லோ ரேஞ்ச்ல ஒரு தடவை அளங்க. டிஃபெண்டர்ல ஹை ரேஷியோ 1.41, லோ 3.32. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு முன்னாடி இருக்கற ப்ளே லோல பாதிக்கும் கீழ சுருங்கித் தெரியும். அப்படி சுருங்கினா கியர்பாக்ஸ் மெயின்ஷாஃப்ட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இன்புட் கியரும் சேர்ற ஸ்ப்லைன் மேல சந்தேகம் வைங்க. பழைய இன்புட் கியர்ல அந்த ஸ்ப்லைனுக்கு ஆயில் போக வழியே இல்ல, காய்ஞ்சு தேயும், பின்னாடி வந்த கியர்ல குறுக்க ஓட்டை போட்டு ஆயில் விட்டாங்க. டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னாடி இருக்கற பிடிஓ (வெளி மெஷினுக்கு சக்தி எடுக்கற இடம்) மூடியைக் கழட்டினா மெயின்ஷாஃப்ட் முனை தெரியும், டார்ச் அடிச்சு பாருங்க, துரு நிறத்துல பசையோ தூளோ இருந்தா அதுதான். முழுசா தேய்ஞ்சு வழுக்கிட்டா எந்த கியர் போட்டாலும் வண்டி நகராது, அதனால இது வெறும் சத்தப் பிரச்சனை இல்ல, சானி பாஸ் மலைப்பாதை ஏறி 2,876 மீட்டர் உயரத்துல போய் நின்னா அங்க இருந்து இழுத்துட்டு வர்றதை யோசிச்சுப் பாருங்க.

சுத்தாத பாகங்க

கையால ஷாஃப்ட்டைத் திருப்பறப்ப ப்ளே கம்மியா இருக்கு, ஆனா ஓட்டறப்ப பெரிய "டங்" வருதுன்னா ஆக்ஸிலே நகருது. வண்டிக்குள்ள இருக்கறவர் இன்ஜின் ஓட பிரேக்கை நல்லா மிதிச்சு, முதல் கியர்ல கிளட்சை லேசா கடிக்க விட்டு எடுக்கட்டும், அப்புறம் ரிவர்ஸ்ல அதே மாதிரி. நீங்க பக்கத்துல, தள்ளி நின்னு பாருங்க, வண்டிக்கு முன்னாடியும் நிக்காதீங்க, பின்னாடியும் நிக்காதீங்க, அடியில கண்டிப்பா படுக்காதீங்க, போனை தரையில வச்சு வீடியோ எடுத்தா போதும். ஆக்ஸில் முன்ன பின்ன குதிக்குதா, இன்ஜின் ஒரு பக்கம் எகிறுதான்னு தெரிஞ்சுடும். காயில் ஸ்பிரிங் லேண்ட் ரோவர்ல பின் ஆக்ஸில் மேல இருக்கற ஏ-ஃப்ரேம் பால் ஜாயின்ட் பெரிய குற்றவாளி, இன்ஜினை நிறுத்திட்டு ப்ரை-பார் வச்சு நெம்பினா ஆட்டம் கண்ணுக்கே தெரியும், அது போனா வளைவுல பின்பக்கம் தானா ஸ்டியரிங் பண்ற மாதிரி ஒரு உணர்வும் வரும். டிரெய்லிங் ஆர்ம் புஷ், பக்கின்னா ஷேக்கிள் புஷ்ஷையும் அப்படியே நெம்பிப் பாருங்க.

இன்னும் சந்தேகமா?

நிரந்தர ஃபோர்-வீல் லேண்ட் ரோவர்ல முன் பிராப்ஷாஃப்ட்டைக் கழட்டி, டிஃப்-லாக் போட்டு, பக்கத்துத் தெருவுல மெதுவா ஓட்டிப் பாருங்க. சத்தம் போயிடுச்சுன்னா முன்பக்கம். லாக் போடாம விட்டா சென்டர் டிஃப் காலியா சுத்தும், வண்டி நகராது. ஹேண்ட்பிரேக் வேணும்கறதால பின் ஷாஃப்ட்டை விட்டுட்டு முன்னாடி இருக்கறதைக் கழட்டறதுதான் பாதுகாப்பு.

எதை முதல்ல சரி பண்றது

சத்தம் பெருசா இருக்கறதை முதல்ல பண்ணாதீங்க, உடைஞ்சா ஆபத்து எதுவோ அது முதல்ல. யூஜே, பிராப்ஷாஃப்ட் போல்ட், பினியன் பேரிங், ஏ-ஃப்ரேம் பால் ஜாயின்ட், இதுங்க காத்திருக்காது. அடுத்தது மலிவா இருந்து நிறைய ப்ளே எடுக்கற டிரைவ் ஃப்ளாஞ்ச், புஷ், மவுன்ட். ஃப்ளாஞ்ச் மட்டும் புதுசு போட்டு ஷாஃப்ட் ஸ்ப்லைன் தேய்ஞ்சிருந்தா சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துடும், ரெண்டையும் பாத்து முடிவு பண்ணுங்க. இன்புட் கியர் அதுக்கு அப்புறம், டிஃப் உள்ள இருக்கற கியர் ப்ளே கடைசி.

ஒவ்வொரு பார்ட் மாத்தினதும் அதே இடத்துல அதே மாதிரி அளந்து பழைய நம்பர் பக்கத்துல எழுதுங்க, எது எவ்வளவு குறைச்சதுன்னு அப்பதான் தெரியும். பிராப்ஷாஃப்ட்டுக்கு பழைய நைலாக் நட்டைத் திரும்பப் போடாதீங்க, புதுசு வாங்கி லேண்ட் ரோவர்னா 47 நியூட்டன் மீட்டர், முதல் ஓட்டம் போயிட்டு வந்து வண்டி ஆறினதும் அடியில படுத்து ஒவ்வொரு நட்டையும் இன்னொரு தடவை டார்க் ரெஞ்ச்ல தொட்டுப் பாத்துடுங்க.